‘கோட்டி’யும் ‘மனச்சோர்வும்’: தாமிரபரணி வட்டாரத்தை முன்வைத்து மனநலப் பராமரிப்பில் பண்பாட்டுத் திறன் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனநலப் பராமரிப்பில் ‘பண்பாட்டுத் திறன்’ என்னும் கருத்தாக்கம் மேலைநாடுகளில், குடியேறிகளும் சிறுபான்மையினரும் பெரும்பான்மைச் சமூகத்து மருத்துவரைச் சந்திக்கும் சூழலில் உருவானது. மருத்துவரும் நோயரும் ஒரே மொழியைப் பேசும் திருநெல்வேலி போன்ற வட்டாரத்தில் இக்கருத்தாக்கத்துக்கு வேலை இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. ஒரே தமிழுக்குள் வட்டார வழக்கு, சாதி, வர்க்கம், பால், சமயம் ஆகியவற்றால் ஏற்படும் இடைவெளிகளை, தாமிரபரணி வட்டாரத்தின் துயரச் சொற்கள், முத்துப்பட்டன் கதைப்பாடல், புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’, எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ ஆகியவற்றைக் கொண்டு ஆராய்கிறது. பண்பாட்டைப் புறக்கணிக்கும் மருத்துவப் பார்வையையும், பண்பாட்டைக் கேள்வியின்றிப் போற்றும் பார்வையையும் ஒருங்கே விமர்சிக்கிறது.

திறவுச்சொற்கள்: மனநலம், பண்பாட்டுத் திறன், வட்டார வழக்கு, கொடை விழா, முத்துப்பட்டன் கதை, ஏர்வாடி, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017.

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், உறவினரான மூதாட்டி ஒருவருக்குத் துணையாக இக்கட்டுரையாளர் மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தது. மூதாட்டி தம் மகனை இழந்து ஓராண்டு கழிந்திருந்தது. மருத்துவர் கனிவாகவே பேசினார். நல்ல தமிழிலும் பேசினார். “மனச்சோர்வு இருக்கிறதா?” என்று கேட்டார். “சோர்வெல்லாம் ஒண்ணும் இல்லய்யா. மூணு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துருவேன்” என்று மூதாட்டி விடையளித்தார். ‘சோர்வு’ என்ற சொல்லை அவர் உடல் தளர்ச்சி என்று கொண்டார். தாம் இன்னும் உழைக்கத் தகுந்தவர் என்பதை நிறுவவே அதிகாலை விழிப்பைச் சான்றாகக் காட்டினார். விடியுமுன் விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க இயலாமை மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்றாக மருத்துவ நூல்களில் இடம்பெறுவது. நோய் இல்லை என்பதற்கு அவர் காட்டிய சான்றே நோயின் அறிகுறியாக இருந்தது. பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டது. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “கோட்டி பிடிச்சிரும் போல இருக்குன்னு சொல்லத்தான் நெனச்சேன். சொன்னா கெட்டிப் போட்டுருவாவளோன்னு பயந்துட்டேன்.”

இந்நிகழ்வில் இருவரும் தமிழர். இருவரும் தமிழிலேயே பேசினர். ஆயினும் உரையாடல் நிகழவில்லை. ஒருவரது அறியாமையையோ மற்றவரது அலட்சியத்தையோ காரணமாகக் கூறி இதனைக் கடந்துவிட முடியாது. மனநலப் பராமரிப்பில் பண்பாட்டு வேறுபாடு என்பதை எங்கே தேட வேண்டும் என்ற கேள்வியை இது எழுப்புகிறது. அக்கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

1. கருத்தாக்கத்தின் பிறப்பிடமும் அதன் எல்லையும்

பண்பாட்டுத் திறன் என்னும் கருத்து 1989இல் டெரி கிராஸ் முதலியோர் அமெரிக்கச் சிறுபான்மைக் குழந்தைகளின் மனநலச் சேவை குறித்து எழுதிய அறிக்கையின் வழியாகப் பரவலாயிற்று. சேவை வழங்கும் அமைப்பு தன்னிடம் வருவோரின் பண்பாட்டை அறிந்து, மதித்து, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ‘திறன்’ என்ற சொல், பிறர் பண்பாட்டைக் கற்று முடித்துவிடலாம் என்ற மயக்கத்தைத் தருகிறது என்று கருதிய டெர்வலான், முர்ரே-கார்சியா ஆகிய இருவரும் 1998இல் ‘பண்பாட்டுப் பணிவு’ என்னும் மாற்றுக் கருத்தை முன்வைத்தனர்.

இதற்கு முன்னரே, 1977இல் ஆர்தர் கிளைன்மன் ‘வகைப்பாட்டுப் பிழை’ என்ற ஒன்றைச் சுட்டினார். ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை, அவ்வகை பொருள்படுமா என்று சோதிக்காமலே மற்றொரு பண்பாட்டினர் மேல் ஏற்றி, அங்கும் அந்நோய் இருப்பதாகக் கண்டுகொள்வதே அப்பிழை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பண்பாடு சார்ந்த நோய்க்குறித்தொகுப்புகள்’ என்ற பட்டியலைச் சேர்த்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் 16 வினாக்கள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்றை வகுத்தது. ‘உங்கள் சிக்கலை உங்கள் வீட்டாரிடம் என்ன சொல்லி விளக்குவீர்கள்?’ என்ற தன்மையிலான வினாக்கள் அதில் உள்ளன. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்களே.

ஆயினும் இம்முயற்சிகள் அனைத்தின் பின்னும் ஒரு காட்சி மறைந்துள்ளது: ஒரு பண்பாட்டைச் சேர்ந்த மருத்துவர் மேசையின் ஒரு புறம், வேறொரு பண்பாட்டைச் சேர்ந்த நோயர் மறுபுறம். மொழி, நிறம், தேசம் ஆகியவற்றால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. திருநெல்வேலியிலோ சேரன்மகாதேவியிலோ உள்ள மருத்துவமனையில் அவ்வாறு தெரிவதில்லை. வேறுபாடு தெரியாததால் அது இல்லை என்று கொள்ளப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் தேவை என்று லண்டன் மருத்துவமனை உணரும். பாளையங்கோட்டையில் அத்தேவையை எவரும் உணர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டுக்குக் கடன்பெற்ற கருத்தாக்கத்தில் இடமில்லை என்பதே அதன் மீதான முதல் விமர்சனம்.

2. ஒரு மொழிக்குள் இரு தமிழ்

தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. மனநல மதிப்பீட்டு வினாநிரல்கள் தமிழாக்கம் பெறும்போது பெரும்பாலும் எழுத்து வழக்கையே நாடுகின்றன. ‘மனச்சோர்வு’, ‘பதற்றம்’, ‘ஆர்வமின்மை’, ‘குற்றவுணர்வு’ என்பன கலைச்சொற்களாகச் செம்மையானவை. ஆனால் தாமிரபரணிக் கரையில் ஒருவர் தம் துயரை வெளிப்படுத்தும்போது இச்சொற்கள் வாயில் வருவதில்லை. ‘நெஞ்ச அடைக்கி’, ‘தலை கிறுகிறுங்கு’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘கையுங் காலும் ஓடல’, ‘ஒரு மாதிரியா வருது’ என்பனவே வருகின்றன. துன்பம் நெஞ்சிலும் வயிற்றிலும் தலையிலும் இருப்பிடம் கொள்கிறது. இவ்வெளிப்பாட்டை ‘உடல்வழி வெளிப்பாடு’ என்று பெயரிட்டு, உள்ளத்தைப் பகுத்துணரத் தெரியாதவர்களின் குறையாகக் காணும் போக்கு உண்டு. அகமும் உடலும் பிரிவுறாத ஒரு சொல்முறையைக் குறையாகக் காண்பது, அவற்றைப் பிரித்தே பேசும் மரபை அளவுகோலாகக் கொண்டதன் விளைவு.

‘கோட்டி’ என்ற சொல் தனியே கவனிக்கத்தக்கது. நெல்லை, குமரி வழக்கில் பித்து என்பதை இச்சொல் குறிக்கும். ‘கோட்டிக்காரன்’ என்பது வசை. ‘ஏ கோட்டி’ என்பது செல்ல விளி. ‘அவனுக்குப் படிப்புக் கோட்டி’ என்பது ஈடுபாட்டின் மிகுதி. ஒரே சொல் நகைப்பையும் அன்பையும் அச்சத்தையும் தாங்குகிறது. இதனால்தான் ‘கோட்டி பிடிச்சிரும் போல இருக்கு’ என்னும் தொடர் வலிமை பெறுகிறது. நோயின் எல்லைக் கோட்டில் நிற்பவர் தம் அச்சத்தை உரைக்கும் தொடர் அது. ‘மனநோய்’ என்ற செந்தமிழ்ச் சொல்லால் அந்த எல்லைக்கோட்டைக் குறிக்க இயலாது. அது கோட்டைக் கடந்தவர்களுக்கே உரிய பெயர்.

‘பயந்த கோளாறு’, ‘காத்து கருப்பு’, ‘செய்வினை’, ‘கண்ணேறு’ என்பன மற்றொரு வகைச் சொற்கள். இவை நோயின் தன்மையைக் காட்டிலும் காரணத்தை உரைப்பவை. செய்வினை என்று ஒருவர் கூறும்போது, தமக்குத் தீங்கு நினைக்கும் ஒருவர் உண்டு என்று கூறுகிறார். அவர் பெரும்பாலும் சொத்துத் தகராறிலோ திருமணப் பேச்சிலோ எதிர்நின்ற உறவினராக இருப்பார். உறவின் முறிவைப் பற்றிய இக்கூற்றை ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்கும் மருத்துவர், நோயரின் வாழ்க்கை வரலாற்றின் திறவுகோலையே ஒதுக்கிவிடுகிறார். அதே கூற்றை அப்படியே உண்மையாக ஏற்கும் மந்திரவாதியோ உறவினர் மீதான பகையை வளர்க்கிறார். கேட்பதற்கும் நம்புவதற்கும் இடையிலுள்ள வழியே தேவைப்படுவது.

3. பெயரிடும் அதிகாரம்: கால்டுவெல் முதல் நோய்ப்பட்டியல் வரை

இவ்வட்டாரத்தின் ஆவேச வழிபாட்டுக்குப் பெயரிட்டவர்களின் வரலாறு நீண்டது. 1841இல் இடையன்குடிக்கு வந்த இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார்கள் பற்றிய நூலில், இங்குள்ள வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தினார். ஆவேச ஆட்டத்தை நாகரிகத்தின் கீழ்ப்படியாகக் கண்டார். அந்நூலின் சித்திரிப்பை அச்சமூகத்தவர் பின்னர் கடுமையாக எதிர்த்தனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் தமிழுக்குப் பெருந்தொண்டாற்றிய அதே அறிஞர், தாம் வாழ்ந்த ஊர் மக்களின் ஆட்டத்தைக் கண்டபோது ஒப்பீட்டுக்கான பொறுமையை இழந்தார் என்பது சிந்தனைக்குரியது.

இருபதாம் நூற்றாண்டில் ‘பேய்’ என்ற இடத்தில் ‘நோய்’ வந்தமர்ந்தது. எனினும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு ஒரு நுண்மையான வரம்பை விதித்தது: விருப்பமின்றி நேர்வனவும், சமயம் அல்லது பண்பாடு ஏற்ற சூழலுக்கு வெளியே நிகழ்வனவுமான ஆவேச நிலைகளையே கோளாறாகக் கொள்ள வேண்டும் என்றது. நெல்லைச் சீமையின் கொடை விழாவில் இவ்வரம்பு தெளிவாகவே காணப்படுகிறது. சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்தின் மகுடம் முழங்க, கோமரத்தாடிக்குச் ‘சாமி வருதல்’ ஊரால் எதிர்பார்க்கப்படுவது. நாளும் நேரமும் முறையும் உடையது. அவருக்கு மதிப்பைத் தருவது. நள்ளிரவில் வீட்டுக்குள் ஒரு மருமகளுக்குப் ‘பேய் பிடித்தல்’ எதிர்பாராதது. அவளுக்கு அவப்பெயரைத் தருவது. ஊரார் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. அவர்களிடம் ஏற்கனவே ஒரு வகைப்பாடு உண்டு.

ஆனால் இவ்வகைப்பாடும் நடுநிலையானதன்று. யாருக்குச் சாமி வரலாம், யாருக்கு வருவதைப் பேய் என்பர் என்பதைச் சாதியும் பாலும் தீர்மானிக்கின்றன. ஓர் ஆணின் ஆவேசம் கோயில் முற்றத்தில் உரிமையாகிறது. ஒரு பெண்ணின் ஆவேசம் வீட்டு முற்றத்தில் சிக்கலாகிறது. ஐ.எம். லூயிஸ் 1971இல் எழுதிய நூலில், ஒடுக்கப்பட்ட பெண்களின் ஆவேசத்தை மறைமுக எதிர்ப்பாகக் கண்டார். ஆவேச நிலையில் மாமியாரையும் கணவனையும் பெயர் சொல்லி ஏசும் பெண்ணைக் கண்டவர் இதனை மறுக்க மாட்டார். ஆனால் அந்த எதிர்ப்பு விடிந்ததும் கலைந்துபோகிறது; பேய் ஓட்டப்பட்டது, வீடு மாறவில்லை. எதிர்ப்பு என்று பெயரிட்டு மகிழ்வதும் அவளுக்கு உதவுவதாகாது.

4. கதைப்பாடலில் துயரம்: முத்துப்பட்டன்

தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் குடும்பத்தோடு வந்து தங்கும் இடம் இது. இங்கே பட்டவராயனாக வழிபடப்படுபவன் முத்துப்பட்டன். நா. வானமாமலை பதிப்பித்து ஆராய்ந்த முத்துப்பட்டன் கதை, பிராமண இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களை மணக்க, பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று, மாமனின் மாடுகளைக் காக்கும் போரில் மாண்டதைக் கூறுகிறது. மனைவியர் இருவரும் தீப்புகுந்தனர். பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

மனநலம் பற்றிய கட்டுரையில் இக்கதைக்கு என்ன வேலை? இவ்வட்டாரத்தின் சிறுதெய்வங்களுள் மிகப்பலர் இவ்வாறு கொல்லப்பட்டோர். கருவுற்றிருக்கையில் மாண்ட பெண்கள், சாதி கடந்து காதலித்தோர், வஞ்சகமாய் வெட்டுண்டோர். அநியாயச் சாவு அடங்காது, திரும்ப வரும், பலி கேட்கும், பாடச் சொல்லும் என்பது இக்கதைகளின் அடிப்படை. ஆண்டுதோறும் வில்லுப்பாட்டில் கதை முழுவதும் பாடப்படும்போது, கொலை நிகழும் இடத்தில் சாமி இறங்குகிறது. ஊர் தான் செய்த அல்லது கண்டும் காணாதிருந்த வன்முறையைத் தன் காதால் கேட்கும் தருணம் அது. துயரத்தைத் தனி மனிதரின் மூளைக்குள் மட்டும் தேடும் மருத்துவத்துக்கு, துயரம் ஒரு சமூகத்தின் நினைவில் தங்கும் என்னும் இப்புரிதல் கற்பிக்க வேண்டியது நிறைய உண்டு.

எனினும் இங்கும் விமர்சனம் தேவை. முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள் என்றும், காட்டில் விடப்பட்டுச் சக்கிலியரால் வளர்க்கப்பட்டவர்கள் என்றும் ஒரு செய்தி நுழைகிறது. சாதி மீறிய காதல் இதனால் சாதிக்குள்ளேயே நடந்த திருமணமாக மாற்றப்படுகிறது. பண்பாடு துயரத்தை நினைவில் வைக்கிறது. அதே பண்பாடு துயரத்தின் காரணத்தைத் திருத்தியும் எழுதுகிறது. ‘நோயரின் பண்பாட்டை மதியுங்கள்’ என்று பொதுவாகக் கூறும் அறிவுரை, பண்பாட்டின் எந்த வடிவத்தை, யாருடைய வடிவத்தை மதிப்பது என்று கேட்பதில்லை.

இதே ஆற்றின் கரையில் 1999 சூலை 23 அன்று நிகழ்ந்ததையும் இங்கு நினைக்க வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியபோது, ஆற்றில் இறங்கியோருள் 17 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் ஒரு குழந்தையும் அடங்குவர். ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவப்படுகிறது. இத்தகைய இழப்பைச் சுமக்கும் ஒருவரிடம் ‘தூக்கம் எப்படி, பசி எப்படி’ என்று மட்டும் கேட்டு முடிப்பது போதாது. தூக்கமின்மைக்கு மாத்திரை தரலாம், தரவும் வேண்டும். ஆனால் அவர் இழந்தது தூக்கத்தை மட்டும் அன்று. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் இழந்திருக்கிறார். பண்பாட்டுத் திறன் பேசும் பயிற்சிகளில் உணவு, உடை, சடங்கு ஆகியவை இடம்பெறும் அளவுக்குச் சாதி இடம்பெறுவதில்லை. நம் சூழலில் சாதியை விலக்கிய பண்பாட்டுத் திறன் என்பது சுவையான அறியாமை.

5. புனைகதை காட்டும் வழி: ‘காஞ்சனை’யும் ‘காதுகளும்’

நெல்லை மண்ணின் எழுத்தாளரான புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட ‘காஞ்சனை’, உறக்கம் பிடிக்காத ஓர் எழுத்தாளனின் கூற்றாக அமைந்தது. வீட்டுக்கு வந்து சேரும் பிச்சைக்காரி பேயா, உறக்கமின்மை பெற்றெடுத்த மருட்சியா என்று கதை முடிவு கூறவில்லை. திறனாய்வாளர் பலர் இதனைப் பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான ஊசலாட்டமாக விளக்கியுள்ளனர். இக்கட்டுரையின் நோக்கில் வேறொன்று முக்கியம்: கதைசொல்லியின் அச்சத்தை மதிக்கக் கதைக்குப் பேயின் இருப்பு நிறுவப்பட வேண்டியதில்லை. அச்சம் உண்மை, அதன் காரணம் பின்னர். நோயறிதலில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகிறது. காரணம் ஏற்கத்தக்கதா என்று முதலில் தீர்ப்பளித்துவிட்டு, அதன் பின்னரே அச்சத்துக்குச் செவிசாய்க்கிறோம்.

எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ (1993ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) இன்னும் நேரடியானது. கும்பகோணத்தைக் களமாகக் கொண்ட இந்நாவலின் மகாலிங்கம் தன் காதுகளுக்குள் இடையறாது குரல்களைக் கேட்கிறான். ஆசிரியரின் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்த இந்நாவலில் முருக பக்தியும் ஆபாசக் குரல்களும் ஒருவருக்குள்ளேயே போரிடுகின்றன. மருத்துவ நூல் இதனைச் செவிப்புல மாயை என்று ஒரே சொல்லில் கூறிவிடும். ஆனால் குரல் என்ன சொல்கிறது, யாருடைய குரல், கேட்பவர் அதனோடு எவ்வாறு வாழ்கிறார் என்பன அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை.

இந்நாவல் எழுப்பும் கேள்வியைப் பின்னாளில் ஓர் ஆய்வு தொட்டது. மானிடவியலாளர் டி.எம். லூர்மன் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஒப்பாய்வு, அமெரிக்காவின் சான் மத்தேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி உசாவியது. அமெரிக்க நோயர் பெரும்பாலும் வன்மம் நிறைந்த, அறிமுகமற்ற குரல்களைக் கூறினர். சென்னை நோயருள் பாதிக்கு மேற்பட்டோர் உறவினரின் குரல்களைக் கேட்டனர். அக்குரல்கள் ஏசவும் செய்தன, குளி, சமை, சாப்பிடு என்று வீட்டு வேலைகளைச் சொல்லவும் செய்தன. நோயின் உட்பொருளையே பண்பாடு வடிவமைக்கிறது என்பதற்கு இது தக்க சான்று. 60 பேரிடம் நிகழ்த்திய ஆய்விலிருந்து பெரிய பொதுமைகளை வரைவது தவறு. சென்னையின் குரல்களை அப்படியே தாமிரபரணிக் கரைக்கு உரியவையாகக் கொள்வதும் தவறு. ஆயினும் ‘குரல் கேட்கிறதா, ஆம் அல்லது இல்லை’ என்ற வினாவோடு நின்றுவிடும் நோயறிதல் எதனை இழக்கிறது என்பதை அது உணர்த்துகிறது.

6. ஏர்வாடியும் முத்துசாமி கோயிலும்

பண்பாட்டைப் போற்றும் வாதத்தின் முன் எப்போதும் நிற்க வேண்டிய பெயர் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. முன்னுரையில் கூறிய மூதாட்டியின் ‘கெட்டிப் போட்டுருவாவளோ’ என்ற அச்சம் வெறுங்கற்பனையன்று; தென் மாவட்டங்களின் நினைவில் அச்சங்கிலி இன்றும் உள்ளது.

அடுத்த ஆண்டே, 2002இல், பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராம் முதலியோர் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றிய ஆய்வைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கு உறவினர் உடன் தங்கினர், கோயிலின் அன்றாட வேலைகளில் நோயரும் பங்கேற்றனர். இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் குணத்துக்குக் காரணம் கோயிலா, காலமா, கவனிப்பா என்று உறுதியாகக் கூற முடியாது. எனினும் ஆய்வாளர்கள் அச்சுறுத்தலற்ற, ஆதரவான சூழலையே முதன்மைப்படுத்தினர்.

ஏர்வாடி, முத்துசாமி கோயில் ஆகிய இரண்டும் வழிபாட்டிடம் சார்ந்தவையே. எனவே வழிபாட்டிடம் நன்றா தீதா என்ற வினாவே பிழையானது. அங்கே நோயர் மனிதராக நடத்தப்படுகிறாரா என்பதே சரியான வினா. அதே வினாவை மருத்துவமனையிடமும் கேட்க வேண்டும். கடையம் அருகிலுள்ள பொட்டல்புதூர் தர்காவுக்கும், புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்துக்கும், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் செல்வோர் ஒரே சமயத்தவர் அல்லர். இந்துக் குடும்பம் தர்காவில் தங்குவதும், இசுலாமியர் அந்தோனியாரிடம் நேர்ந்துகொள்வதும் இவ்வட்டாரத்தில் வியப்புக்குரியவை அல்ல. ‘நோயரின் சமயம்’ என்று படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பி, அதிலிருந்து அவரது நம்பிக்கையை ஊகிக்கும் முறை இங்கே தோற்றுப்போகும்.

மறுபுறம், வழிபாட்டிடங்களில் மாதக்கணக்கில் காத்திருந்து மருந்து தொடங்கத் தாமதமாவதால் நோய் முற்றுவதையும் மறைக்கக் கூடாது. மருந்தால் மீண்டு வேலைக்குத் திரும்பியோர் இவ்வட்டாரத்தில் உண்டு. பண்பாட்டின் பெயரால் அவர்களுக்கு மருந்தை மறுப்பது மற்றொரு வகைப் புறக்கணிப்பே.

7. சட்டத்தின் சொல்லும் நடைமுறையும்

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, இவ்விவாதத்தில் கருதத்தக்க இடம் பெறுகிறது. ஒருவரது சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, சமய மதிப்புகளுக்கு அவர் இணங்காமையை மட்டும் காரணமாகக் கொண்டு அவரை மனநோயர் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. சாதி மறுத்துத் திருமணம் செய்ய விரும்பும் மகளைக் ‘கோட்டி’ என்று சிகிச்சைக்குக் கொண்டுவரும் குடும்பத்தின் முன் மருத்துவர் எடுத்துக்காட்ட வேண்டிய பிரிவு இது. சாதி, சமயம், பண்பாடு, பால், வர்க்கம் ஆகிய வேறுபாடின்றியும், நோயரும் குடும்பத்தாரும் ஏற்கத்தக்க முறையிலும் சேவை கிடைப்பதை 18ஆம் பிரிவு உரிமையாக்குகிறது. எவ்வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

சட்டம் பண்பாட்டை இருவகையாகக் காண்கிறது: மதிக்கத்தக்க ஒன்றாகவும், தனிமனிதரை அதனிடமிருந்து காக்க வேண்டிய ஒன்றாகவும். இவ்விருமை முரண்பாடு போலத் தோன்றினும், முத்துப்பட்டன் கதையில் நாம் கண்ட இருமையே இது. ஆனால் ‘ஏற்கத்தக்க முறை’ என்பதை யார் வரையறுப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. அது ஒவ்வொரு புறநோயாளர் அறையிலும் காணப்பட வேண்டியது. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டமும், 1996இல் அதன் கீழ் உருவான மாவட்ட மனநலத் திட்டமும் சேவையை ஊர்ப்புறத்துக்குக் கொண்டு செல்லும் பாதையை அமைத்தன. பாதையில் மருந்து வந்து சேர்ந்தது. நோயரின் சொல் அதே பாதையில் திரும்பிச் சென்று சேரவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பண்பாட்டுத் திறன் என்னும் கருத்தாக்கத்தை அப்படியே இறக்குமதி செய்வதால் தமிழ்ச் சூழலின் இடைவெளிகள் மறைந்தே கிடக்கும். இங்கே வேறுபாடு தேசங்களுக்கிடையே இல்லை, தெருக்களுக்கிடையே உள்ளது.

துயரத்தை உரைக்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருட்சாயல்களோடு மனநலப் பணியாளருக்கு வழங்குவது தமிழாய்வாளரால் செய்யக்கூடிய பணி. கதைப்பாடல்களையும் வழக்காறுகளையும் நெடுங்காலமாகத் தொகுத்துவரும் நெல்லையின் நாட்டார் வழக்காற்றியல் மரபு இதற்கு ஏற்ற களம். மதிப்பீட்டு வினாநிரல்கள் எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு மறுபடியும் பெயர்க்கப்பட வேண்டும். அப்பெயர்ப்பை நோயரே சரிபார்க்க வேண்டும்.

வழிபாட்டிடங்களோடு மருத்துவம் உறவு கொள்ளலாம். ஆனால் சங்கிலியின்மையும் நோயரின் இசைவும் அவ்வுறவின் விலக்க முடியாத நிபந்தனைகள். சாதியும் பாலும் நோயரின் வரலாற்றில் மட்டுமன்றி, மருத்துவ அறையின் உள்ளேயும் செயல்படுகின்றன என்பதை ஏற்காத பயிற்சி முழுமையாகாது.

இலக்கியத் திறனாய்வு இவ்விவாதத்துக்குத் தரக்கூடியது ஒன்றே: ஒரு கூற்றை உண்மையா பொய்யா என்று தீர்க்குமுன், அது யாரால், யாரிடம், எந்தச் சொல்லில் கூறப்பட்டது என்று கேட்கும் பழக்கம். அப்பழக்கம் அன்று அந்த அறையில் இருந்திருந்தால், ‘மூணு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துருவேன்’ என்ற விடையைத் தொடர்ந்து ஒரேயொரு வினா எழுந்திருக்கும்: “அந்த நேரத்துல என்னம்மா நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க?” அவ்வினாவுக்குக் கூடுதல் நிதியோ கருவியோ வேண்டியதில்லை. கேட்பதற்குச் சற்று நேரமும், வரும் விடையைத் தாங்கும் மனமும் வேண்டும்.